சங்கிலிக்காரர் அளந்த பிரபஞ்சம்

பிரபஞ்சம் விரிகிறதா இல்லையா என்று சீமைப் பண்டிதர்கள் மலையுச்சியில் பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதைத் தரையில் சங்கிலி போட்டு அளந்து பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராசிபுரத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் குடியிருந்தார். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. சர்வே இலாகாவில் முப்பது வருஷம் நில அளவைச் சங்கிலி இழுத்தவர் என்பதால் அவர் சங்கிலிக்காரர். சங்ககிரியிலிருந்து ஆத்தூர் வரைக்கும் அவர் கால் படாத வரப்பு கிடையாது. ஓய்வு கொடுத்து அனுப்பியபோது, தேய்ந்து போனது என்று இலாகா கழித்துவிட்ட பழைய சங்கிலி ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டார்கள். நூறு கண்ணி கோத்த இரும்புச் சங்கிலி. கண்ணி ஒன்று ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அவருக்கு அடியும் கஜமும் மைலும் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாமே சங்கிலி, கண்ணி என்ற இரண்டில் அடங்கிவிடும்.

“கெணறு எங்கிருக்குது?” என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், “ரெண்டு சங்கிலி போயி, வலக்கையில முப்பது கண்ணி” என்பார். கேட்டவர் தாகத்தோடே போய்விடுவார். ஒரு தடவை நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பேச்சில் பெண் உயரமா குட்டையா என்று பேச்சு வந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த இவர், “ஏழரைக் கண்ணி இருக்குமுங்க, தாராளமா” என்றார். மாப்பிள்ளை வீட்டார் அதை முழக் கணக்கென்று எடுத்துக்கொண்டு, பனைமரம் போலப் பெண்ணா என்று எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிவர அரை நாள் ஆயிற்று.

அவருக்கு எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்து தெரியாது. அங்கேதான் நான் வருகிறேன். தப்பு முழுக்க என்னுடையது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் சேலத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரருக்கு நூல் கடை. கடைக்குச் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரும். அவர் பார்த்து முடித்ததும் எனக்கு வரும். மத்தியானத்தில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண்கள் ராட்டையோடு எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் கை சுற்றும், நான் படிப்பேன். சங்கிலிக்காரர் வாசல் நிலைப்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்பார். மனைவி காலமாகி, ஒரே மகளை வாழப்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த மனிதர். கதை கேட்க வருவதாகச் சொல்லமாட்டார். “சும்மா, எளப்பாற” என்பார்.

பெண்களுக்கு வேண்டியது தொடர்கதை மட்டும். ஆனால் பக்கத்தைத் தாண்டிப் படிப்பது எனக்கு ஏதோ பொய் சொல்வதுபோல இருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பழக்கிவிட்டார்கள். முதல் பக்கத்திலிருந்து தைல விளம்பரம் வரை வரிசையாகத்தான் படிப்பேன். அப்படித்தான் ஒரு பங்குனி மாதம் அந்தக் கட்டுரை வந்து மாட்டிக்கொண்டது. வானத்திலுள்ள நட்சத்திர மண்டலங்கள் எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடிக்கொண்டிருக்கின்றன, பிரபஞ்சம் விரிகிறது என்று போட்டிருந்தது.

“விரியுதுன்னா?” என்றாள் ஒருத்தி.

“ஒண்ணுக்கொண்ணு தூரமாகிக்கிட்டே போகுதாம்.”

“அதானே பாத்தேன். எடப்பாடியில இருக்கற என்ற தங்கச்சி ஊடு போன வருசத்தவிட இந்த வருசம் தூரமாத் தெரியுது.”

“அது தங்கச்சி புருசன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதால” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கிலிக்காரர் சிரிக்கவில்லை. “கடைசியா என்ன ஆகுமாமுங்க, அம்மிணி?” என்றார்.

நான் மறுபடி பார்த்துப் படித்தேன். விலகி விலகி ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றுக்கு எட்டாத தூரம் போய்விடுமாம். சூரியன்கள் ஒவ்வொன்றாகச் சூடு ஆறி, முடிவில் எல்லாமே குளிர்ந்து இருண்டுவிடுமாம். மடியில் ஆறுமாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இதைச் சத்தம் போட்டுப் படித்த என் புத்தியை என்ன சொல்வது!

“எத்தன நாள்லீங்க?”

“கோடி கோடி வருஷம் ஆகும்னு போட்டிருக்கு, மாமா.”

அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். “ஆவணி வரைக்கும் தாங்குமில்லீங்க? மகளுக்கு ஆவணியில பேறுகாலம்.”

தாங்கும் என்று உறுதி கொடுத்தேன். எழுந்து போனவர் தெரு நடுவே நின்று கிழக்கே ஒரு தரம், மேற்கே ஒரு தரம் பார்த்தார். திரும்பி வந்தார். “வானம் விரிஞ்சா பூமியும் விரியோணும். பூமி விரிஞ்சா நம்ம தெருவும் விரியோணும். அளந்து பாத்தாத் தெரிஞ்சுபோவுது. இதுக்கு எதுக்குங்க இத்தன எழுத்து?” என்றார்.

அடுத்த அமாவாசைக்குச் சங்கிலி தெருவுக்கு வந்தது. பிள்ளையார் கோயில் படியிலிருந்து பொதுக்கிணறு வரை எட்டுச் சங்கிலி, நாற்பத்திரண்டு கண்ணி. அதைத் தன் வீட்டுச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டார். இனி மாதாமாதம் அமாவாசைக்கு அமாவாசை அளப்பதாக ஏற்பாடு.

எங்கள் தெருவில் காலையில் சங்கிலி இழுப்பது சாதாரண விஷயமில்லை. விடிந்ததும் நெசவுக்காரர்கள் தறிக்குப் போகவேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் நூல் காய்ந்தாகவேண்டும். அந்த நேரத்தில் ஆயிரம் இழைக்கு அடியில் ஒரு இரும்புச் சங்கிலி ஊர்ந்து போனால் என்ன ஆகும்?

“ஏனுங், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பாவுல கண்ணி மாட்டுச்சுன்னா பத்து நாள் பொழப்புப் போச்சுங்!”

“தூக்கிப் புடிங்க, தூக்கிப் புடிங்க! சங்கிலி தரையில படுக்கோணும். இல்லாட்டிக் கணக்குத் தப்பும்.”

“கணக்குத் தப்பினா என்னுங்? சர்க்காரா கேக்குது?”

“சர்க்கார் கேட்டாப் பரவாயில்லீங்களே. வானமுல்ல கேக்குது.”

கஞ்சி வாளியோடு நின்றவர்கள் சிரித்துச் சிரித்து, கஞ்சியை நூலுக்குப் போட்டது பாதி, தங்கள் காலில் ஊற்றிக்கொண்டது பாதி.

இரண்டாவது மாதம் அளந்தார். எட்டுச் சங்கிலி, நாற்பத்திரண்டு. மூன்றாவது மாதமும் அதே. நீளத்தில் விரியவில்லை. உடனே குறுக்கே அளக்க ஆரம்பித்தார். தன் வாசற்படியிலிருந்து எதிர்ச்சாரிக்கு முப்பது கண்ணி. அடுத்த அமாவாசைக்கு அளந்தால் முப்பத்தேழு!

அவர் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்ததை நான் மறக்கமாட்டேன். மேல்துண்டு தெருவிலேயே விழுந்துவிட்டது. “அம்மிணி! விரியுதுங்க! குறுக்கால விரியுது! என்ற ஊட்டுக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஒரே மாசத்துல ஏழு கண்ணி தூரமாயிப் போச்சு!”

நானும் நம்பிவிட்டேன். உண்மையாகவே நம்பிவிட்டேன், சிரிக்காதீர்கள். கோடி கோடி வருஷம் என்று நான் படித்தது அச்சுப்பிழையோ என்று பத்திரிகையை எடுத்து மறுபடி பார்த்தேன்.

என் வீட்டுக்காரர்தான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து வீட்டு மளிகைக்காரர் தன் மாட்டுக் கொட்டகையை எங்கள் வாசல் ஓரம் வரை, தெருவுக்குள் மூன்று முழம் நீட்டிக் கட்டியிருந்தார். மாதாமாதம் சங்கிலி தெருவில் கிடப்பதைப் பார்த்து, ரீசர்வே வந்துவிட்டது, ஆக்கிரமிப்புக்கு அபராதம் போடப்போகிறார்கள் என்று பயந்து, ஓசைப்படாமல் கொட்டகையைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார். சங்கிலி போகிற வழியைத் தவிர இடம் வலம் பார்க்கக்கூடாது என்று சர்வேயர் துரையிடம் பழகியவர் நம்மவர். கொட்டகையை அவர் பார்க்கவே இல்லை. எண்ணை மட்டும் பார்த்தார்.

விஷயம் தெரிந்ததும் மளிகைக்காரரின் மனைவி வாசலில் நின்று, “ஆகாசம் விரியறதுக்கு என்ற மாடு ரெண்டும் ஒண்டிக்கிட்டு நிக்கோணுமா?” என்று ஒரு நாழிகை பேசினாள். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி. “விரியலைங்க, விரியலைங்க” என்று எல்லோரிடமும் போய்ச் சொன்னார். “அப்ப வாழப்பாடியும் இருக்கற எடத்துலதான் இருக்கும்” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இனி என் கவலைக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் எனக்கு அப்போது பாதி காதில்தான் ஏறியது. என் குழந்தை நோஞ்சானாக இருந்தான்.

பார்க்க வருகிற ஒவ்வொருத்தியும் கன்னத்தைத் தொட்டுவிட்டு, “ஏஞ் சாமி, தேறவே மாட்டேங்கறயே” என்பாள். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ராசிபுரத்து வைத்தியர் பார்த்துவிட்டு, “பால் குடிக்கிறான், சிரிக்கிறான். மாதாமாதம் வளர்கிறானா என்று பாருங்கள். வளர்ந்தால் கவலையில்லை. வளரவில்லை என்றால் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்” என்றார். எனக்குப் பின்பாதிதான் காதில் நின்றது.

வளர்கிறானா என்று எப்படிப் பார்ப்பது? நூல் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். என் மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “பெத்த புள்ளைய நிறுக்கறதா! நிறுத்தா அன்னையோட நின்னு போயிரும்.”

“அளக்கலாமா அத்தை?”

“அளக்கவும் ஆகாது. இரும்பு மேல படவே கூடாது.” பிறகு அவரே வழியும் சொன்னார். “கயிறு வெச்சுப் பாக்கலாம். அரைஞாணுக்குக் கயிறு வெச்சுப் பாக்கறதில்லயா? அதுக்குத் தோசமில்ல.”

சங்கிலிக்காரர் இதற்காகவே பிறந்தவர்போல வந்து நின்றார். சித்திரை மாதம் ஒரு நல்ல நாளில், என் மகனுக்கு முதல் சோறு ஊட்டிய மறுநாள், அளவு நடந்தது. கடையில் கிடந்த கழிவு நூலை மூன்று புரியாகப் பின்னிக் கயிறு செய்துகொண்டு வந்திருந்தார். பாயில் குழந்தையைப் படுக்கவைத்தோம். நான் ஒரு கால், தார் சுற்றுகிறவள் ஒரு கால், மாமியார் தலை.

“தலை முளை!” என்று கூவினார் சங்கிலிக்காரர், ஏதோ மலையடிவாரத்தில் சங்கிலி முனைக்கு முளை அடித்துக்கொண்டு நிற்பதுபோல.

“என்னங்கண்ணா?” என்றார் மாமியார்.

“தலை முளையப் புடிச்சிருக்கீங்களான்னு கேட்டனுங்க. புடிச்சிருந்தா ‘இருக்கு’ன்னு சொல்லோணும்.”

“இருக்குங்கண்ணா, இருக்கு. என்ற பேரனோட தலைங்க, முளையில்ல.”

“கால் முளை!”

“இருக்குங்க!” என்றோம் நாங்கள் இருவரும். என் மகன் கால் முளையால் அவர் மூக்கில் ஓர் உதை விட்டான்.

உச்சியிலிருந்து குதிகால் வரை கயிற்றை வைத்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டார். பிறகு வெளியே கொண்டுபோய்த் தன் சங்கிலியோடு வைத்துப் பார்த்து, “மூணேகால் கண்ணி” என்றார். நான் அதைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் தேதியோடு குறித்துக்கொண்டேன். இனி மாதாமாதம் குழந்தையைக் கயிற்றோடு வைத்துப் பார்த்தால் போதும். முடிச்சைத் தாண்டிக் கால் போனால் வளர்ச்சி.

கயிற்றைச் சுருட்டி வைக்க அவர் ஒப்பவில்லை. “அளவுன்னா இழுப்பு இருக்கோணுமுங்க. தொய்வு உட்டாத் தப்பாப் போகும்.” கூடத்து நடுத்தூணில் ஆணி அடித்து, ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையில் கடையிலிருந்து ஒரு அரை வீசைப் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கல் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. பெருக்கும்போது துடைப்பம் அதன் அடியில் தாராளமாகப் போய்வந்தது.

வைகாசியில் வைத்துப் பார்த்தோம். குதிகால் சரியாக முடிச்சின்மேல். மூணேகால். வளரவில்லை.

“ஒரு மாசந்தானே” என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனியில் வைத்துப் பார்த்தோம். முடிச்சின்மேல்தான்.

பால் போதவில்லையா? கேழ்வரகுக் கஞ்சியை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் காய்ச்சியிருக்க வேண்டுமா, கெட்டியாகக் காய்ச்சியிருக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் காய்ச்சினேன். அந்தக் கட்டுரையைப் படித்ததால்தானோ என்றுகூட நினைத்தேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று பிறகு அதற்கும் வெட்கப்பட்டேன்.

ஆடி பிறந்தது. ஒன்பது மாதம் முடிந்தது. குழந்தையைப் படுக்கவைத்தோம். இந்தத் தடவை யாரும் கூவவில்லை. சங்கிலிக்காரர் கயிற்றை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முடிச்சும் குதிகாலும் ஒட்டிவைத்தாற்போல ஒன்றாக நின்றன.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஒலகமே விரியுதுன்னு பொஸ்தகத்துல போடறான். இந்தச் சாமி மட்டும் ஒரு நூல்கூட விரியலைங்களே.”

நான் அழுதுவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று. மாமியார் ஒன்றும் பேசாமல் விபூதி எடுத்துக் குழந்தைக்கு இட்டார். சங்கிலிக்காரர் தன் வாசலில் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தான் அளந்ததால்தான் வளர்ச்சி நின்றுவிட்டது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அளக்கவேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருக்கலாமே என்று என் மாமியாரிடம் வந்து கேட்டாராம்.

காலையில் குழந்தையைப் புறப்படச் செய்தேன். கோடை முழுக்க அவன் இடுப்பில் அரைஞாணைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்படிக் கொண்டுபோக முடியுமா? சோறு ஊட்டிய அன்று நானே தைத்துப் போட்ட மஞ்சள் சட்டை பெட்டியில் இருந்தது. அன்று ஒருநாள் போட்டதோடு சரி. அதை எடுத்துத் தலை வழியாக மாட்டினேன்.

மாட்டிக்கொண்டது. கீழே இறங்கவில்லை. இழுத்தேன். தொப்புளுக்கு மேலே நின்றுவிட்டது. சித்திரையில் அது தொடை வரை வந்த சட்டை.

“சுருங்கிப் போச்சு” என்றார் மாமியார்.

“தண்ணியே படலயே அத்தை. எப்படிச் சுருங்கும்?”

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். எதையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிறவள் என்று என் வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்தக் குணம்தான் கை கொடுத்தது. சட்டை சுருங்கவில்லை. பிள்ளை வளரவில்லை. இரண்டும் நிஜமாக இருந்தால் சட்டை ஏன் பற்றவில்லை? ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

தூணைப் பார்த்தேன். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வாரமாகப் பெருக்கும்போது துடைப்பம் அந்தப் படிக்கல்லில் இடித்துக்கொண்டிருந்தது. சாணி மெழுகி மெழுகித் தரைதான் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாளாக அங்கே மட்டும் மெல்லிசாக மெழுகினேன். குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் இருந்த இடத்தில் ஒரு விரல்தான் நுழைந்தது.

கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாவைச் சுற்றிப் போகாமல் குனிந்து பாவுக்கு அடியிலேயே நுழைந்து எதிர் வீட்டுக்கு ஓடினேன்.

“மாமா! சங்கிலிய எடுங்க!”

“வேண்டாமுங்க அம்மிணி. இனி நா எதையும் அளக்கறதில்லீங்க.”

“பிள்ளைய இல்ல, மாமா. கயித்த அளங்க!”

சங்கிலியை வாசலில் நீட்டினார். கயிற்றைப் பக்கத்தில் வைத்தார். மூன்று கண்ணி. அதற்குமேல் அரைக் கண்ணி. நான் பஞ்சாங்கத்தின் பின்னட்டையைக் காட்டினேன். மூணேகால் என்று என் கையெழுத்தில், தேதியோடு இருந்தது.

சங்கிலிக்காரர் கயிற்றைப் பார்த்தார். படிக்கல் கட்டிய முனையைப் பார்த்தார். புதிதாகப் பின்னிய கழிவு நூல், அரை வீசைப் பாரத்தில், மூன்று மாதம் ராப்பகலாகத் தொங்கியிருக்கிறது. பையன் வளர வளரக் கயிறும் கூடவே வளர்ந்திருக்கிறது. ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இரண்டும் சமமாகப் போயிருக்கின்றன.

“அட என்ற கடவுளே!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “தெனமும் விடிஞ்சதும் சங்கிலி நீண்டுபோச்சான்னு அளவுக் கல்லோட வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க காட்டுல எறங்குவோம். முப்பது வருசம்! இரும்பே நீளுமுன்னு தெரிஞ்சவன் பஞ்சு நீளாதுன்னு நெனச்சுப் போட்டனுங்களே!”

பிறகு அவர் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அறுபது வயதுக்காரர் என் மகனை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, “கால் கண்ணி! கால் கண்ணி வளந்துட்டான்!” என்று கத்திக்கொண்டு பிள்ளையார் கோயிலிலிருந்து கிணறு வரை எட்டுச் சங்கிலி, நாற்பத்திரண்டு கண்ணியும் ஓடினார். கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாவைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். கீழே தலை, மேலே தலை என்று இரண்டு தலையும் நூலுக்கு அடியில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன.

மஞ்சள் சட்டை மூச்சு முட்டும்படி இருந்ததால் குழந்தை அழுதான். அதைக் கழற்றி எறிந்ததும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியுமே” என்றார். “அரைஞாண் முடிச்ச நா ரெண்டு தடவ எளக்கிக் கட்டியிருக்கேன்.”

“ஏன் அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“புள்ள வளருதுன்னு பெத்தவகிட்டயே சொல்லுவாங்களா? கண்ணு பட்டுரும். சரி, சேலத்துக்குப் பஸ்ஸுல போறவங்களுக்குன்னு கட்டுச்சோறு கட்டி வெச்சிருக்கேன். கெட்டுப் போறதுக்குள்ள எல்லாரும் உக்காந்து சாப்புடுங்க.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் புளிச்சோறுபோல ஒரு சோற்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. சங்கிலிக்காரருக்கும் ஓர் இலை போட்டோம்.

சாப்பிடும்போது பாதியில் அவர் கையை நிறுத்தினார். “அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? பையனும் வளந்து, கயிறும் கூடவே வளந்ததால வளந்தது நமக்குத் தெரியல. அதே மாதிரி, தெருவும் விரிஞ்சு என்ற சங்கிலியும் கூடவே விரிஞ்சிருந்தா, எனக்கு எப்படிங்க தெரியும்?”

நான் யோசித்துப் பார்த்தேன். “தெரியாதுங்க, மாமா.”

“அப்ப விரிஞ்சாலும் எல்லாம் ஒண்ணாத்தானுங்களே விரியுது. யாரும் யாரையும் உட்டுட்டுப் போகல.” ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர்போல மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

பத்திரிகையில் போட்டிருந்தது அப்படியில்லை. மண்டலங்கள் உண்மையிலேயே விலகுகின்றன என்றுதான் போட்டிருந்தது. அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தையும் தாண்டாமல் படிக்கிறவள் அந்த ஒன்றை மட்டும் தாண்டிவிட்டேன். சரியோ தப்போ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

ஆவணியில் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மாதத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மகள் விடவில்லையாம். புறப்படும்போது சங்கிலியையும் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டதாகத் தெருவில் சொல்வார்கள். அது உண்மையா என்று தெரியாது.

அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் ஒரு தபால் கார்டு வருகிறது. அவர் சொல்ல, மாப்பிள்ளை எழுதுவார். பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: “பேத்தி சௌக்கியம். அளக்கவில்லை, பார்த்தாலே தெரிகிறது. இங்கிருந்து உங்கள் வாசல் இரண்டாயிரத்து எண்ணூறு சங்கிலிச் சொச்சம். சேலம் போகும்போது மைல்கற்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பையனை விசாரித்ததாகச் சொல்லவும்.”

என் மகனுக்கு இப்போது நாலு வயது. அந்தக் கயிறு அவன் மார்பு வரைதான் எட்டும். படிக்கல்லைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கயிற்றை மட்டும் பெட்டியில் மஞ்சள் சட்டையோடு வைத்திருக்கிறேன்.

போன அமாவாசைக் கார்டு பத்து நாள் தாமதமாக வந்தது. அந்தப் பத்து நாளும் நான் கூட்டுவதும் பெருக்குவதுமாக வாசலிலேயேதான் இருந்தேன். நடுவில் எத்தனை சங்கிலி கூடிப்போயிற்றோ என்று பயமாக இருந்தது. பதினோராம் நாள் தபால்காரர் கார்டைக் கொடுத்தார். மைல்கற்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.